பயணப்படி, ஏழு ஷில்லிங்

வேன் ரீனன் கணவாயில் ரயில் மூச்சிரைக்க ஏறியது.
அந்தப் பெட்டியில் தமிழன் நான் ஒருவன்தான்.
கோட்டுப் பையில் ஒரு தாள்:
மொழிபெயர்ப்பாளர், நீதிமன்ற அலுவல்,
இருட்டுமுன் நேட்டாலுக்குத் திரும்பிவிட வேண்டும்.
மலை விட்டுக்கொடுத்த இடுக்குக்கும்
மனுஷன் விட்டுக்கொடுத்த தாளுக்கும்
இங்கிலீஷில் ஒரே பெயர்.
கவனித்துச் சிரித்துக்கொண்டேன். இளவயசு.

என் அகராதியில் அந்தச் சொல்லுக்கு மூன்று பக்கம்.
பென்சிலால் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
பரீட்சையில் தேறினால் அது.
மேசையில் உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்றால் அது.
பந்தைக் கூட்டாளி காலுக்கு விட்டால்,
சீட்டாட்டத்தில் கை சரியில்லை, எனக்கு வேண்டாம் என்றால்,
அதுவேதான்.
காய்ச்சல் போவதும் அது, ஆள் போவதும் அது.
சபையில் சட்டம் நிறைவேறினால் அது;
அந்தச் சட்டம் நம்மிடம் கேட்கிற காகிதமும் அது.
டர்பனில் எனக்குத் தெரிந்த ஒருத்தி,
நிறம் கொஞ்சம் வெளுப்பாக வாய்த்தவள்,
பெயரை மாற்றிக்கொண்டு
டிராமில் முன்வரிசையில் உட்கார்ந்து போனாள்.
அதற்கும் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டில் புளிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி.
இவர்கள் எல்லாவற்றையும் ஒரே வாளியில் மொள்கிறார்கள்
என்று நினைத்தேன்.

ஹாரிஸ்மித். ஜன்னலில் பனி.
கூண்டில் பாக்கியம் படையாச்சி,
காய்கறி விற்கிறவள்,
இரண்டு ராத்திரி சிமெண்டுத் தரையில் கிடந்தவள்.
ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியக் கால் படக்கூடாது.
அவள் கால் பட்டிருந்தது, செருப்பில்லாமல்.

உன் அனுமதி எங்கே என்றார் மாஜிஸ்திரேட்.
நான் கேட்டேன். அவள் சொன்னாள்:

"பாஸ் எங்கிட்ட இல்லீங்க.
பாஸ்தான் பாஸ வெச்சிருந்தாரு.
பாஸ் போயிட்டாரு."

நமக்கு இருப்பது ஒரே ப.
உதடு அதிர்ந்தால் துரை, அதிராவிட்டால் சீட்டு,
எழுதினால் இரண்டும் ஒன்று.
அவளுக்கோ குளிரில் உதடு வெடித்திருந்தது.
மாஜிஸ்திரேட் எழுதுகோலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரியாமல் இல்லை.
மூன்றாவது பெஞ்சில், தொப்பி மடியில்,
அவளுடைய துரை உட்கார்ந்திருந்தார்.
குழந்தைக்கு அம்மை என்று லேடிஸ்மித்திலிருந்து
காரில் கூட்டி வந்தவர்.
அம்மை இறங்கியது. அவளையும் இறக்கிவிட்டார்,
ஒரு கம்பி வேலிக்குப் பக்கத்தில்.
சீட்டு அவர் வெஸ்ட்கோட்டுப் பையில் இருந்தது.
அப்போதும் அங்கேதான் இருந்திருக்கும்.

நான் இங்கிலீஷில் நாலே சொல் சொன்னேன்:
இவளிடம் சீட்டு இல்லை.

பொய் கிடையாது.
மூன்று வரியில் முதல் வரி.

மூன்று பவுன், இல்லாவிட்டால் ஒரு மாதம்.
கூண்டிலிருந்து இறங்கும்போது
என் பக்கம் திரும்பி
"நல்லா எடுத்துச் சொன்னீங்க தம்பி" என்றாள்.
துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.
குமாஸ்தா ஏழு ஷில்லிங்கை எண்ணிக் கொடுத்து
இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினான்.

நமக்கும் ஒரு சின்னச் சொல் உண்டே, கட.
மலையைக் கடந்தேன்.
வார்த்தையை மொழி கடத்த வந்தவன்,
மூன்றில் ஒன்றைக் கடத்தினேன்,
இரண்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.
அந்த இரண்டும் இன்றுவரை யாருக்கும் கைமாறவில்லை.
கடன் என்பதும் அந்தச் சொல்லுக்குச் சொந்தமோ என்னவோ,
அகராதியைத் திறக்கவில்லை.

திரும்பும் ரயிலில் எல்லைக் காவலன் ஏறினான்.
தாளை விளக்கில் காட்டிப் பார்த்தான்,
முன்புறம், பின்புறம்.
வெளியே கணவாய் இருட்டிக்கொண்டு வந்தது.
அவன் தாளை மடித்து என் கையில் வைத்து
ஒரே ஒரு சொல் சொன்னான்.

போகலாம் என்று பொருள்.